கரி இல்லாத நெருப்பு

சவுரிராயன் வெட்டிய குழி சரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் சாலையோரத்தில் எத்தனை கேபிள், எத்தனை தண்ணீர்க் குழாய், எத்தனை கேஸ் குழாய் மண்ணுக்குள் படுத்திருக்கிறதோ, அதில் முக்கால்வாசி அவருடைய ஆட்கள் இறக்கியது. படிப்பு மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், படித்தார் என்றால் பொய். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு தனி ஆளாகத் திண்டிவனத்துக்கு வந்தவர், தலை நரைக்கிற வயசுக்குள் மாடி வீடு கட்டினார், வாசலில் பெயர்ப் பலகை மாட்டினார், இருபது குடும்பத்துக்குச் சோறு போட்டார். யார் கை கொடுத்தார்கள்? ஒருத்தரும் இல்லை. எல்லாம் அவர் இரண்டு கை.

அந்த இரண்டு கையும் தொடாத சாமான் ஒன்று இருந்தது. துடைப்பம்.

அவருடைய அம்மா விழுப்புரத்தில் ஒரு நெல் மில்லில் களம் பெருக்கினவள். அவித்த நெல்லைக் கொட்டிக் காயவைத்து அள்ளிய பிறகு, தரையில் சிதறிக் கிடக்கிற மணியையெல்லாம் தென்னந்துடைப்பத்தால் ஒன்று சேர்ப்பது அவள் வேலை. ஒருநாள் திடீர் மழையில் நெல் நனைந்துபோனது. மழை பெய்தது அவள் குற்றம் என்பதுபோல மில் மேஸ்திரி அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி வீசினான். அவள் குனிந்துகொண்டாள். பின்னால் நின்றிருந்த பிள்ளையின் கன்னத்தில் ஈர்க்கு ஈர்க்காகப் பதிந்தது. அன்றிலிருந்து மில்லில் அவனுக்குத் “தொடப்பக்கட்டை மவன்” என்று பெயர்.

அதனால்தான் பெரிய ஆளானதும் சவுரிராயன் எந்தக் கம்பெனியில் வேலை எடுத்தாலும் முதலில் இதைச் சொல்லிவிடுவார்: “எங்காளுங்க கடப்பாரை புடிப்பாங்க, மம்ட்டி புடிப்பாங்க, ஸ்பேனர் புடிப்பாங்க. தொடப்பம் புடிக்க மாட்டாங்க. பெருக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க.” அவருடைய ஆட்களுக்கு இந்தப் பேச்சில் தனிப் பெருமை. மற்ற மேஸ்திரிகளின் ஆட்களைப் பார்த்தால், “நாங்க சவுரி ஆளுங்கடா” என்று நெஞ்சை நிமிர்த்துவார்கள். வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி வெள்ளையம்மாள் அவர் எழுந்திருப்பதற்கு முன்பே வாசலைப் பெருக்கி முடித்து, துடைப்பத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருகிவிடுவாள்.

வெள்ளையம்மாளின் தம்பி வெங்கடாசலம். வானூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்குப் புதுச்சேரிக்குத் தினம் போய் வந்துகொண்டிருந்தவனை, “அங்க இன்னாடா கெடக்குது, வா எங்கூட” என்று இழுத்து வந்தவர் சவுரிராயன்தான். அவன் வேலையில் சூரன். ஆனால் மாமா சொல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருக மாட்டான். சிரித்துக்கொண்டே இருப்பான். கட்டிக்கொடுக்க ஒரு பெண் இருக்கிறது, கலையரசி என்று பெயர். அந்தக் கவலைகூட அவன் முகத்தில் தெரியாது. “மாமா பாத்துக்கும்” என்பான்.

திண்டிவனத்துக்கு வெளியே அந்த ஹைட்ரஜன் கம்பெனி வந்தபோது, கேஸ் குழாய்க்குப் பள்ளம் வெட்டியது சவுரி ஆட்கள். கட்டி முடித்த பிறகு, உள்ளே பராமரிப்புக்கு ஆள் அனுப்புகிற வேலையும் அவருக்கே கிடைத்தது. மஞ்சள் தொப்பியும் நெஞ்சில் படம் போட்ட அட்டையுமாகக் கேட்டுக்குள் நுழைகிறபோது அவருக்கு விழுப்புரம் மில் மேஸ்திரி உயிரோடு இருந்து பார்க்கவில்லையே என்று இருக்கும்.

சாயங்காலம் தமிழ்மணியின் டீக்கடையில் அவர் கம்பெனியை விளக்குவதைக் கேட்க வேண்டும்.

“குழாயில கேஸ் வர்றப்போ அதுல ரெண்டு பேரு கட்டிப் புடிச்சினு இருக்கறாங்க. ஒருத்தன் கரி, ஒருத்தன் ஹைட்ரஜன். நீராவிய உள்ள வுட்டு, செவக்கச் செவக்கக் காய்ஞ்ச குழாயில தள்ளி, ரெண்டு பேத்தையும் பிரிச்சி வுடறோம். ஹைட்ரஜன் ஒரு பக்கமா போயிடும். கரி காத்தா மாறி வரும், அத்த ஒரு மருந்துத் தண்ணி குடிச்சிரும். அந்தத் தண்ணியத் தனியா கொண்டும்போயி சுட வச்சா குடிச்சதெல்லாம் கக்கிரும். அப்பால அமுக்கி, குளுர வச்சி, டேங்கர்ல ஏத்தறோம். கரி ஒரு பிடி ஆகாசத்துக்குப் போவாது. தெரிஞ்சிக்க.”

“டேங்கர் எங்கண்ணே போவுது?” என்றான் தமிழ்மணி, டீயை ஆற்றிக்கொண்டே.

“சோடா கம்பெனிக்குப் போவுது. மீன் லாரிக்குப் போடற காய்ஞ்ச ஐஸ் பண்றாங்க, அங்கயும் போவுது.”

“அப்போ நான் ஒரு சோடா மூடியத் தொறந்தா, நீ கஷ்டப்பட்டுப் புடிச்ச கரி ஓடிப்பூடுமே?”

கடையே சிரித்தது. வெங்கடாசலமும் சிரித்துவிட்டான். மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டான்.

“நீ தொறக்காத வெச்சிக்கடா, பேஜாரு புடிச்சவனே” என்று சொல்லிவிட்டு சவுரிராயன் எழுந்து வந்துவிட்டார். அந்தக் கேள்வி அவரை இரண்டு நாள் அரித்தது. யாரிடமும் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கம்பெனியில் ஷிப்ட் இன்ஜினியர் ஸ்ரேயான்ஸ். மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை. நிலம் நீச்சு உள்ள சமணக் குடும்பம்தான், ஆனால் யாரையும் ‘டா’ போட மாட்டான். சவுரிராயனை ஐயா என்பான். கேட்டுக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிற்கவைத்து அவன் ஒருமுறை சொன்ன பேச்சு இது:

“நம்ம வீட்டு அடுப்புல எரியற நெருப்பு ஏன் மஞ்சளா தெரியுது? அதுல கரி இருக்கு. கரித்தூள் சூடாயி மின்னறதுதான் அந்த மஞ்சள். இங்க நாம கரியப் பிரிச்சி எடுத்துட்டோம். அதனால ஹைட்ரஜன் எரிஞ்சா நெறம் கெடையாது, பொக கெடையாது. வெயில்ல பாத்தா அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். வாசனையும் கெடையாது. கேஸ் கசிஞ்சா கத்தற பெட்டி வச்சிருக்கோம், ஆனா கசிஞ்ச எடத்துலயே பத்திக்கினு எரிஞ்சா பெட்டி கத்தாது. அதுக்குத்தான் இந்தக் கேமரா. சூட்டைப் பாத்துச் சொல்லும்.”

“நெருப்பு கண்ணுக்குத் தெரியாதாமே மாமா” என்று வெங்கடாசலம் காதைக் கடித்தான். “பேய்க்கத சொல்றாரு.”

“படிச்சவங்க அப்டித்தான் பயமுறுத்துவாங்க. நீ வேலையப் பாரு” என்றார் சவுரிராயன்.

சித்திரை வெயில். அந்தக் கேமரா பழுதாகிச் சென்னைக்குப் போயிருந்தது. காலையில் கருவியில் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதாகக் காட்டியது. எங்கேயோ கசிகிறது, ஆனால் பெட்டி கத்தவில்லை. ஸ்ரேயான்ஸ் மேலிடத்துக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். பொறு, சொல்கிறோம் என்றார்கள். பொறுத்துப் பார்த்தான், பதில் வரவில்லை. பிறகு ஸ்டோருக்குப் போய், நீளமான மூங்கில் கழியில் கட்டிய இரண்டு தென்னந்துடைப்பங்களோடு திரும்பி வந்தான். புதுசு. கட்டியிருந்த சிவப்புக் கயிறுகூட அழுக்காகவில்லை.

“ஐயா, குழாய் ரெண்டு வரிசை. ஒண்ணுல நான் போறேன், இன்னொண்ணுல உங்காளு ஒருத்தர் வரட்டும். தொடப்பத்த முன்னால நீட்டி, மேலயும் கீழயும் ஆட்டிக்கினு மெதுவா நடக்கணும். நெருப்பு இருந்தா ஈர்க்கு டக்குனு பத்திக்கும். நாம நின்னுடலாம். கேமரா வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் இப்டித்தான் பண்ணாங்க.”

சவுரிராயன் துடைப்பத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. பக்கத்தில் கிரேன் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தன் வாயைப் பொத்திக்கொண்டு எதையோ சொன்னான், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, வேல எடுக்கறப்பவே சொல்லியிருக்கறேன். எங்காளுங்க தொடப்பம் புடிக்க மாட்டாங்க.”

“பெருக்கறதுக்கு இல்லைங்க ஐயா.”

“எதுக்கா இருந்தா இன்னா. தொடப்பம் தொடப்பந்தான்.”

ஸ்ரேயான்ஸ் கோபப்படவில்லை. “எங்க முனிவருங்க கையில மயில்பீலி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாங்க ஐயா. முன்னால பெருக்கிட்டுத்தான் காலை வைப்பாங்க, எறும்பு சாவக்கூடாதுன்னு. எங்க வீட்ல அதுதான் ஒசந்த பொருள். கையில இருக்கறத வச்சி மரியாத போயிடுமா?”

“உங்களுக்கு மயில் எறகு. எங்களுக்கு ஈர்க்கு. ரெண்டும் ஒண்ணாயிடுமா தம்பி?”

ஸ்ரேயான்ஸ் இரண்டாவது துடைப்பத்தைக் குழாய்த் தூணில் சாய்த்து வைத்தான். “குச்சி கிச்சி வேணாங்க, இதையே எடுத்துக்கங்க. ஜல்தியா முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு, தன் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு அந்தப் பக்க வரிசைக்குள் போனான். மயில்பீலி பிடித்தவர்களின் வம்சம், அவனுக்குக் கூச்சமில்லை.

மதில் ஓரத்தில் சாரம் கட்டுவதற்காக அன்று காலையில்தான் சவுக்குக் கழிகள் வந்து இறங்கியிருந்தன. பச்சை மரம், பட்டை உரிக்காதது. சவுரிராயன் அதில் ஒன்றை உருவினார். கையில் எடை பார்த்தார். நல்ல கழி.

“மாப்ள, இத்தப் புடி.”

வெங்கடாசலம் கழியைப் பார்த்தான், தூணில் சாய்ந்திருந்த துடைப்பத்தையும் பார்த்தான். “அவரு தொடப்பம்னாரே மாமா.”

“அவரு சொல்லுவாரு. அதுவும் மரம், இதுவும் மரம். நெருப்புல பட்டா பத்தாதா? நாளைக்கி வானூர்ல கேட்டா இன்னா சொல்லுவ, எம் மாமங்காரன் என்னத் தொடப்பம் புடிக்க வுட்டான்னா?”

அவன் சிரித்தான். “சரி மாமா” என்று கழியை வாங்கிக்கொண்டான்.

கிரேன்காரன் ஒருத்தன் குரல் கொடுத்தான்: “சவுரி ஆளு கோல எடுத்துட்டான்டா. மாப்ள ஊர்வலம் கெளம்பிடுச்சி.”

“ஆமான்டா, உங்க தங்கச்சியத்தான் கட்டப் போறேன்” என்று திருப்பிக் கத்திவிட்டு வெங்கடாசலம் குழாய் வரிசைக்குள் நுழைந்தான். அவன் பேசிய கடைசி வேடிக்கைப் பேச்சு அதுதான்.

சவுரிராயன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் கழியை முன்னால் நீட்டி, மேலும் கீழும் ஆட்டி, சொன்னபடியே மெதுவாக நடந்தான். குழாயைத் தவிர அங்கே எதுவும் தெரியவில்லை. வெயிலில் கண் மட்டும் கூசியது. இயந்திரம் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. இதில் சீறல் எங்கே கேட்கும்? ஒரு குழாய் இணைப்பைத் தாண்டும்போது கழி நெருப்புக்குள்ளே போய்த்தான் வந்திருக்க வேண்டும். பிற்பாடு எடுத்துப் பார்த்தபோது, நுனிப் பட்டை கொப்புளம் கட்டிக் கொஞ்சம் கறுத்திருந்தது. பச்சைச் சவுக்கு. அது பற்றவில்லை. ஒரு நொடியில் பற்றுவதற்கு அது ஈர்க்கு இல்லை.

ஒன்றுமே இல்லாத இடத்துக்குள் வெங்கடாசலம் காலை வைத்தான். அவனுடைய சட்டை எரிந்தது. சட்டை எரிந்த பிறகுதான் அந்த நெருப்புக்கு மஞ்சள் நிறம் வந்தது.

ஓடியவர்களில் முதல் ஆள் ஸ்ரேயான்ஸ். மணலும் தண்ணீரும் கம்பளியும் எல்லாம் வந்தன. மேலிடத்தைக் கேட்காமல் யாரோ எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இரைச்சல் அடங்கியதும் வெங்கடாசலம் கத்துவது முதல்முறையாகக் கேட்டது. சவுரிராயன் நின்ற இடத்திலேயே நின்றார். எத்தனையோ குழியில் மண் சரிய இருந்தபோது முதலில் குதித்து ஆளை இழுத்துப் போட்டவர்தான். அன்று கால் வரவில்லை. எங்கே நெருப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று தெரியாத இடத்தில் எப்படிக் காலை வைப்பது?

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கொசுவலைக்குள் படுக்கவைத்திருந்தார்கள். வெள்ளையம்மாள் வராந்தாவிலேயே கிடந்தாள். கலையரசி கண்ணாடிக் கதவு வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள். சவுரிராயனை உள்ளே விட்டபோது வெங்கடாசலத்துக்கு நினைவு இருந்தது.

“மாமா.”

“சொல்லு மாப்ள.”

“பொகையே இல்ல மாமா. நான் நல்லாப் பாத்துக்கினுதான் போனேன். பொகையில்லாம எங்கனா எரியுமா?”

சவுரிராயன் கொசுவலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார்.

“கோலு நல்லாத்தான் இருந்துச்சி. நாந்தான் பாக்கல போலக்கீது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். ‘உன்னாலதான்யா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பார். அவன் அப்போதும் மாமாவை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாரமே போய்விட்டான்.

கருமாதி முடிந்த பிறகும் வெள்ளையம்மாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கழியை எடுத்துக் கொடுத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். கிரேன் ஆட்கள் பார்த்தார்கள், அவருடைய ஆட்கள் பார்த்தார்கள். பார்த்த விஷயம் வானூருக்குப் போய் எவ்வளவு நேரம் ஆகும்? சோறு போட்டு வைத்தாள். தண்ணீர் வைத்தாள். அவர் உட்கார்ந்தால் எழுந்து போனாள்.

சவுரிராயன் ஒருநாள் காலையில் கம்பெனிக்குப் போனார். கேட்டில் இருந்தவன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். அவருடைய ஆட்கள் அவரைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து வேலையைத் தேடினார்கள். ஒருத்தனும் நெஞ்சை நிமிர்த்தவில்லை.

ஸ்ரேயான்ஸ் இளைத்துப்போயிருந்தான்.

“தம்பி, அந்தத் தொடப்பத்தக் குடு. இன்னிலருந்து தெனம் நானே முன்னால நடக்கறேன்.”

“கேமரா வந்துடுச்சிங்க ஐயா” என்றான் அவன். “இப்போ நடக்க வேண்டியதில்ல.”

“நான் சொன்னன்னு நீ வுட்டியே. ஏன்டான்னு ஒரு வார்த்த கேக்கலாமில்ல? சட்டையப் புடிச்சிக் கேளு தம்பி.”

“நான் அந்தத் தொடப்பத்த அவரு கையில குடுத்துட்டுப் போயிருக்கணுங்க” என்றான் ஸ்ரேயான்ஸ். “தூண்ல சாத்திட்டுப் போனது நான்தான்.” தலையைத் திருப்பிக்கொண்டான்.

துடைப்பம் அதே தூணில் அப்படியே சாய்ந்திருந்தது. யாரும் எடுக்கவில்லை, யாரும் தொடவில்லை. சிவப்புக் கயிறு வெயிலில் வெளுக்க ஆரம்பித்திருந்தது. சவுரிராயன் அதை எடுத்தார். கன்னத்தில் பட்ட நாளுக்குப் பிறகு ஒரு துடைப்பம் அவர் உடம்பைத் தொடுவது அன்றுதான். கேட்டைத் தாண்டி, சாலைக்கு வந்து, பஸ் ஏறினார். மூங்கில் கழி நீளம். மடியில் குறுக்கே வைத்தால் பக்கத்து ஆளை இடித்தது, நிமிர்த்தினால் கூரையில் முட்டியது.

“பெரியவரே, இந்த லக்கேஜுக்கும் சீட்டு வாங்குவீங்களா?” என்றான் கண்டக்டர். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தெருவில் டீக்கடையைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். தமிழ்மணி பார்த்தான். சோடாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எதையோ தேடுகிறவன்போல அடுப்புக்குக் கீழே குனிந்தான்.

வெள்ளையம்மாள் வாசற்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரையும் அவர் கையில் இருந்ததையும் நிமிர்ந்து பார்த்தாள். முறம் நின்றது.

“இத்த ஏன் இங்க எடுத்தாந்த?”

அத்தனை நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. அதுவரைக்கும் அவரை ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்லுவாள்.

“அங்க வேணாமாம்” என்றார்.

“அவங் கையில குடுக்க மனசு வரல. எங்கையில குடுக்க எடுத்தாந்தியா?”

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சவுரிராயன் வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு துடைப்பத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோய், அவள் இத்தனை வருஷம் ஒளித்துவைத்த பழைய துடைப்பத்தின் பக்கத்தில் சாய்த்தார்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் சரக் சரக் என்று பெருக்குகிற சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தவள், பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டாள். மாடி வீட்டுச் சவுரிராயன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கையில் அவளுடைய பழைய துடைப்பம், அதைப் பிடிக்கத் தெரியவில்லை. மண்வெட்டியைப் போல இழுத்தார், குப்பை அவர் காலிலேயே வந்து விழுந்தது. மறுபடியும் பெருக்கினார். ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அம்மா களத்தில் எப்படிச் செய்வாள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்துப் பெருக்கினார்.

பெருக்கி முடித்துத் தண்ணீரும் தெளித்தார். தரை ஈரமாகச் சுத்தமாகக் கிடந்தது. உள்ளே பார்த்தார். கோலம் போட அவள் வரவில்லை.